சீட் பெல்ட்டின் கடைசி முழம்

2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை, பழைய கார் விற்கும் செயின் கடை ஒன்றின் யார்டில் மாமாவோடு நின்றுகொண்டிருந்தேன். சென்னைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம். தகரக் கூரைக்குக் கீழே நூறு வண்டிகளாவது இருக்கும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒரே கோணத்தில் நிறுத்தி, கண்ணாடியில் விலை ஒட்டியிருந்தார்கள். பேரம் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் இருநூறு அம்சங்களைப் பரிசோதித்த ரிப்போர்ட் உண்டு. க்யூ.ஆர். கோடைத் தட்டினால் மொபைலில் வந்துவிடும்.

நான் பார்க்கப் போனது ஸ்கோடா யெட்டி. 2010-இல் இந்தியாவுக்கு வந்து, சில வருடங்கள் விற்று, நின்றுபோன வண்டி. தீப்பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். தெருவில் எல்லோரும் வைத்திருக்கிற வண்டியை வாங்க எனக்கு ஆசை வந்ததே இல்லை. ஆறு மாதமாக மொபைலில் குறித்து வைத்திருந்த பட்டியல் இது: திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டிய மிட்சுபிஷி பஜேரோ, மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு எண்டவர், ராணுவம் கழித்துவிட்ட ஜிப்ஸி, கடைசியில் இந்த யெட்டி. இவற்றில் எதுவும் இன்று புதிதாகக் கிடைக்காது. சிலவற்றுக்கு ஸ்பேர் கிடைப்பதே திண்டாட்டம். அதனால்தான் பிடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

ரிப்போர்ட் முழுக்கப் பச்சை டிக். டயர் மட்டும் மஞ்சள். மாமா வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். அவர் திருப்பருத்திக்குன்றத்தில் நாற்பது வருஷம் பட்டுத் தறி ஓட்டியவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எதை வாங்கினாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். மாட்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்தவில்லை. அதற்கு மேல் வராது என்கிற அளவுக்கு இழுத்தேன். கடைசி முழத்தில், எப்போதும் உருளைக்குள்ளேயே சுருண்டு கிடக்கிற பகுதியில், டீக்கறை மாதிரி குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளிறிய பழுப்பு. பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டு, ஸ்லைடு ஆகிற இரும்புத் தண்டின் உள்பக்கத்தைத் தடவினேன். விரலில் மாவு மாதிரி மண். மிச்சாங் புயல் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கூட வந்த பையனிடம் காட்டினேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். உண்மையிலேயே அதிர்ந்துபோனான். “சார், ரிப்போர்ட்ல இல்லையே சார்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் இல்லைதான்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமா கேட்டார்: “உனக்கு எப்பிட்றா தெரியும், அங்கதான் பாக்கணும்னு?”

“யூட்யூப்ல பார்த்தேன் மாமா” என்றேன்.

அது பொய். இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து தொடங்குகிறது.

*

2015 டிசம்பர் 1 இரவு, முடிச்சூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. வாசலில் என் முதல் கார், சிவப்பு மாருதி ரிட்ஸ், டீசல். விடிந்து பார்த்தபோது தண்ணீர் சீட் உயரத்துக்கு இருந்தது. மூன்று நாள் அப்படியே நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் புத்திசாலியாக இருந்தேன், ஸ்டார்ட் பண்ணவில்லை. தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்றினால் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுவை வண்டி வைத்து, தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அந்த மாதம் சென்னையில் எல்லா ஒர்க்ஷாப்பிலும் வண்டிகள் வரிசையில் நின்றன. “இன்ஷூரன்ஸ்ல போட்டா ரெண்டு மாசம் ஆகும். கையில குடுத்தீங்கன்னா பதினஞ்சு நாள்ல முடிச்சுத் தரேன்” என்றார். அறுபத்தைந்தாயிரம் கொடுத்தேன். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து, கார்பெட்டை மாற்றி, ஒயரிங்கைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். கிளைம் போடாததால் எங்கேயும் பதிவு இல்லை. அந்தச் சமயத்தில் அதை நான் ஒரு வசதியாக நினைக்கவில்லை.

2019-இல் வண்டியை விற்றேன். ஒரு செயின் கம்பெனியின் ஆள் டேப்லெட்டோடு வீட்டுக்கே வந்தார். ஒரு மணி நேரம் பரிசோதித்தார். போட்டோ எடுத்தார், பெயின்ட்டின் தடிமனை அளந்தார். கடைசியில் சில கேள்விகள். “ஆக்சிடென்ட் ஏதாவது சார்?” இல்லை என்றேன், அது உண்மை. அடுத்து, தலையைத் தூக்காமலே, “ஃப்ளட் எதுவும் இல்லையே சார்?” என்றார். கேட்டபடியே விரல் திரையில் நகர்ந்துவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. அந்த மூன்று வினாடி இன்றும் ஞாபகம் இருக்கிறது. மின்விசிறி சத்தம் கேட்டது. அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்று லட்சத்து இருபதாயிரம், மறுநாள் அக்கவுண்டில்.

ஆக, யெட்டியின் சீட் பெல்ட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ரிட்ஸை விற்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்து, அந்தக் கோட்டைக் கண்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்து, போகாது என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே விட்டவன் நான்.

*

நீங்கள் கேட்கலாம்: இதில் என்ன பெரிய தத்துவச் சிக்கல்? தப்பு பண்ணியிருக்கிறாய், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்போது ஏமாற்று ஆகிறது? இந்தக் கேள்வி என்னைவிட ரொம்ப வயதானது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கி.மு. 44-இல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய ‘கடமைகள்’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு கதை வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறான். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதை வழியில் பார்த்திருக்கிறான். ரோட்ஸ்காரர்களிடம் அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் ஆசிரியரான பாபிலோன் டயோஜெனஸ் சொல்லத் தேவையில்லை என்கிறார். மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொல், பொய் சொல்லாதே, மற்றபடி நல்ல விலைக்கு விற்றுக்கொள். வீட்டை விற்பவன் “நோய் பிடித்த வீடு விற்பனைக்கு” என்று தண்டோரா போடுவானா என்று கேட்கிறார். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் எல்லோரும் ஒரே சமூகம், வாங்குபவனுக்குத் தெரிந்தால் நல்லது என்று உனக்குத் தெரிந்த எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கம்.

படித்தபோது எனக்குள் இருந்த வக்கீல் டயோஜெனஸ் கட்சியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் நல்ல ஆயுதம் நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடைத்தது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு எது மோசடி என்று சொல்கிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. சட்டம் எழுதியவர்கள் புரிவதற்காகக் குட்டிக் கதைகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் கதை: ‘அ’ என்பவர் ‘ஆ’ என்பவருக்கு ஏலத்தில் ஒரு குதிரையை விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று ‘அ’வுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி இல்லை.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குதிரைக்குப் பதில் ரிட்ஸ். ‘அ’ நான்.

இரண்டாவது கதை: அதே குதிரை. ஆனால் வாங்கும் ‘ஆ’, ‘அ’வின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். இங்கே அவர்களுக்குள் இருக்கிற உறவே, குதிரையின் குறையைச் சொல்வதை ‘அ’வின் கடமை ஆக்குகிறது.

மூன்றாவது கதை: ‘ஆ’, ‘அ’விடம் சொல்கிறார், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.” ‘அ’ பேசவில்லை. இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

“ஃப்ளட் எதுவும் இல்லையே சார்?”

முதல் கதையோடு புத்தகத்தை மூடியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்றாவது கதையில் என் வீட்டு ஹால் அப்படியே இருந்தது, மின்விசிறி உட்பட.

இருந்தாலும் வக்கீல் விடவில்லை. 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்தான். மௌனத்தால் ஏமாற்றப்பட்டவர், சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. டேப்லெட், பெயின்ட் மீட்டர், ஒரு மணி நேரம்: இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு பெல்ட்டை முழுசாக இழுக்காதது அவர்கள் தப்பு.

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டையைத் தேடுவது எங்கள் தொழில் புத்தி. ஒரு கட்டத்தில் சட்டத்தை அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

*

இந்தச் செயின் கடைகள் ஏன் வந்தன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவை வந்ததே இந்த மௌனத்தை உடைக்கத்தான்.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் மட்டமான காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர், தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. அவர் சொன்னதை நம் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரே மாடலில் நல்ல வண்டி ஐந்து லட்சம் பெறும், தண்ணீரில் நின்ற வண்டி இரண்டு லட்சம். எது எது என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் நடுவில் ஒரு விலை, மூன்றரை லட்சம், தருவேன் என்பான். நல்ல வண்டிக்காரன் “இந்த விலைக்கு நானே ஓட்டிக்கிறேன்” என்று போய்விடுவான். சந்தையில் மட்டமானது மட்டும் மிஞ்சும். அது தெரிந்து விலை இன்னும் விழும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆராய்ச்சிதான் அடிப்படை.

வித்தியாசமான வண்டிகளில் இது இன்னும் மோசம். ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடும் மாடல் என்றால் எந்த மெக்கானிக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். யெட்டிக்கும் பஜேரோவுக்கும் யாரிடம் கேட்பது? ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்காது. விற்பவன் சொன்னதுதான் வேதம். அபூர்வமான வண்டியைத் தேடிப் போகிறவன் தன் அறியாமையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பெரிய கடைகள் வந்தன. அமெரிக்காவில் கார்மேக்ஸ் 1993-இல் முதல் கடையைத் திறந்தது. இந்தியாவில் 2001-இல் மாருதி ட்ரூ வேல்யூ, 2015-இல் கார்ஸ்24-உம் ஸ்பின்னியும். புரோக்கரின் வாய் வார்த்தைக்குப் பதில் பரிசோதனை ரிப்போர்ட், வாரண்டி, ஒட்டிய விலை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி அவர்கள் கையில் இருக்கும்வரை பொறுப்பும் அவர்களுடையது என்று மத்திய அரசு விதியும் வந்தது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். இரண்டாயிரத்துக்கு முன் பழைய கார் வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் யெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்த வண்டியின் பழைய உரிமையாளர் என்னைப் போலவே பேசாமல் இருந்திருப்பார். பரிசோதித்தவர் கேள்வியையும் பதிலையும் ஒரே விரலால் முடித்திருப்பார். யார்டில் இருந்த பையன் ரிப்போர்ட்டை நம்பினான். மூன்று பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்லாமல் ஒரு பொய் எங்கள் முன்னால் வந்து நின்றது. முன்பு புரோக்கர் என்றால் அவர் முகத்தைப் பார்த்து “சாமி சத்தியமா சொல்லு” என்று கேட்க ஒரு ஆளாவது இருந்தான். ரிப்போர்ட்டிடம் அப்படிக் கேட்க முடியாது. என்ன கேட்டார்களோ அதற்குத்தான் அது பதில் சொல்லும்.

தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட முடியாதா? அமெரிக்காவில் முயன்றார்கள். 1981-இல் அங்கே மத்திய வர்த்தக ஆணையம், பழைய கார் வியாபாரிகள் தங்களுக்குத் தெரிந்த பெரிய குறைகளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 1982-இல் நாடாளுமன்றம் அதைத் தடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 1984-இல் இறுதியாக வந்த விதியில், தெரிந்த குறைகளைச் சொல்ல வேண்டும் என்ற பகுதி மட்டும் இல்லை. வாரண்டி உண்டா, இல்லை ‘இருக்கிற நிலையில்’ விற்பனையா என்று சொல்லும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வைப்பதற்கு மட்டும் எந்த ஊரிலும் மனிதன் லேசில் உடன்படுவதில்லை.

*

யார்டிலிருந்து மாமாவைக் கொண்டுபோய் விட ஊருக்குப் போனேன். எங்கள் ஊருக்கு ஜினகாஞ்சி என்றும் பெயர். பெயரில் பருத்தி இருக்கிறது, தறியில் பட்டு ஓடுகிறது. காஞ்சிபுரத்துக் கோயில் கூட்டம் இங்கே வராது. திரைலோக்கியநாதர் கோயிலில் எப்போதும் நாலைந்து பேர்தான். பக்கத்தில் பல்லவர் காலத்துச் சந்திரபிரபர் கோயில். நாங்கள் சமணர்கள் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் விளையாடுவது அந்தப் பிரகாரத்தில்தான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய சங்கீத மண்டபத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேற்கூரையில் வரைந்திருக்கும் தீர்த்தங்கரர் கதைகளைப் பார்ப்போம்.

அங்கே வருகிற நயினார் தாத்தா ஒருவர் எங்களுக்குப் படங்களுக்குக் கதை சொல்வார். சில நாள் ஐந்து விரதங்களை விரல்விட்டுச் சொல்லித் தருவார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்று போகும். கள்ளாமைக்கு மட்டும் மறுபடி ஐந்து விரல். திருடுவது மட்டும் திருட்டு இல்லடா, இதெல்லாமும் திருட்டு என்று ஒவ்வொன்றாக மடக்குவார்.

பெரியவனான பிறகு அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயம். திருடாமை விரதத்தில் இல்லறத்தான் வழுக்கி விழக்கூடிய இடங்கள் ஐந்து: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரச விதியை மீறி வியாபாரம் செய்வது, எடையிலும் அளவிலும் ஏமாற்றுவது, ஐந்தாவதாகப் போலியை அசல் போல விற்பது. அதே அத்தியாயத்தில் திருட்டு என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. கொடுக்கப்படாததை எடுப்பது, அவ்வளவுதான்.

மறுபடி ஒரு முறை பாருங்கள். போலி வியாபாரத்தைப் பொய்யாமைக்குக் கீழே வைக்கவில்லை. கள்ளாமைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஐந்து வருடமாக நான் தப்பான கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. “நான் பொய் சொன்னேனா? மௌனம் பேச்சாகுமா? தலையாட்டினேனா, இல்லையா?” டயோஜெனஸும் 17-ஆவது பிரிவும் என் வாயைப் பற்றிப் பேசுகின்றன. ஊர்க்கோயில் என் கையைப் பற்றிக் கேட்கிறது. உனக்கு என்ன கொடுத்தார்கள், நீ என்ன எடுத்தாய்?

தண்ணீர் படாத ரிட்ஸுக்காக மூன்று இருபது கொடுத்தார்கள். மூன்று நாள் தண்ணீரில் நின்ற ரிட்ஸுக்கு அன்றைய சந்தையில் இரண்டு லட்சம் கிடைத்திருந்தால் அதிகம். மீதி ஒரு லட்சத்து இருபதாயிரம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் எடுத்தேன். இதைக் கண்டுபிடிக்க மௌனத்தின் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கழித்தல் கணக்கு போதும்.

*

அன்று ராத்திரி மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜரிகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அசல் ஜரிகை என்றால் பட்டு இழையில் வெள்ளிக் கம்பி சுற்றி, மேலே தங்க முலாம். ஹாஃப் ஃபைன் என்றால் அதைவிட மலிவான சரக்கு. கடையில் தொங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி மின்னும். “ஹாஃப் ஃபைன் நெய்யிறது தப்பில்லடா. நானும் நெஞ்சிருக்கேன். அசல் வாங்க எல்லாராலயும் முடியுமா? ஹாஃப் ஃபைன்னு சொல்லிக் குடுத்தா அது வியாபாரம். சொல்லாம அசல் வெலைக்குக் குடுத்தா அது வேற. பொடவ ஒண்ணுதான்.”

நான் அகர்லாஃபின் சிக்கலை அவரிடம் வைத்தேன். “எல்லாரும் சொல்லாம விக்கும்போது நான் மட்டும் சொன்னா எனக்குத்தானே மாமா நஷ்டம்? வாங்கறவன் எப்படியும் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுத்தான் வெல வெக்கிறான். நல்லவனா இருக்கறதுக்கு நான் மட்டும் ஏன் வரி கட்டணும்?”

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே அநியாயமான நிலைமை அது. சந்தை முழுக்க மௌனம் என்று ஏற்கனவே விலையில் கழித்துவிட்டார்கள் என்றால், உண்மையைச் சொல்பவன் இரண்டு முறை கழிக்கப்படுகிறான்.

மாமா, “நீ பேசாம வித்ததாலதானே அடுத்தவன் சந்தேகப்படறான்” என்றார்.

அகர்லாஃபும் தன் கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். ஏமாற்றின் விலை, ஏமாந்தவன் இழந்த தொகையோடு முடிவதில்லை. நேர்மையான வியாபாரம் சந்தையைவிட்டு ஓடுவதால் வரும் நஷ்டத்தையும் அதில் சேர்க்க வேண்டும். நான் எடுத்தது ஒருவரிடமிருந்து மட்டும் இல்லை. தன் வண்டியில் ஒரு குறையும் இல்லாமல் விற்கப் போய், “எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க” என்று கேட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒவ்வொருவரிடமிருந்தும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன். அவர்கள் கட்டிய வரி எனக்கு வந்தது. வரி நான் கட்ட வேண்டிய முறை வரும்போது மட்டும் அது அநியாயம் ஆகிவிடுகிறது.

*

ரிட்ஸின் நம்பர் மறக்கவில்லை. ஒருநாள் அரசாங்க வாகனச் செயலியில் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் முதல் எழுத்துக்குப் பிறகு நட்சத்திரக் குறிகள். அப்படித்தான் மறைக்க வேண்டும், அது சரிதான். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகம்: காஞ்சிபுரம்.

எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் என்று ஐந்து வருடம் நினைத்திருந்தேன். என் ஊர்க்காரர். பிள்ளையார்பாளையத்து நெசவாளியாக இருக்கலாம், காந்தி ரோட்டில் கடையில் நிற்பவராக இருக்கலாம், என் பள்ளிக்கூட நண்பனாக இருக்கலாம். சட்டத்தின் இரண்டாவது கதையில் வரும் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். வாங்குவது மகள் என்றால் சொல்லியே ஆக வேண்டும். முகம் தெரியாதவர் என்றால் தேவையில்லை. எந்தத் தூரத்தில் ஒருவர் மகள் வகையிலிருந்து குதிரை வாங்க வந்தவர் வகைக்கு மாறுகிறார்? காஞ்சிபுரம் என்று படித்ததும் எனக்கு உறுத்தியது, வேறு ஊர் என்று இருந்திருந்தால் உறுத்தியிருக்காது என்பதுதான் என்னை ரொம்ப அசிங்கப்படுத்தியது. கழித்தல் கணக்குக்கு ஊர் கிடையாது.

அந்தச் செயின் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். 2019-இல் விற்ற வண்டி, வெள்ளத்தில் நின்றது, நான் சொல்லவில்லை, இப்போது வைத்திருப்பவருக்குத் தெரியப்படுத்த முடியுமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். “சார், இத கம்ப்ளெயின்ட்டா போடவா, ஃபீட்பேக்கா போடவா?” என்றார். அவர் திரையில் அந்த இரண்டு ஆப்ஷன்தான் இருந்திருக்கும். அப்படிப்பட்ட திரைகளை நானும் எழுதியிருக்கிறேன். விற்றவர் தானே வந்து ஒத்துக்கொள்வார் என்று எந்த டிசைன் மீட்டிங்கிலும் யாரும் சொன்னதில்லை. “ஃபீட்பேக்” என்றேன். நன்றி சொல்லி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மெசேஜ் வந்தது.

பணத்தை எங்காவது தர்மம் பண்ணிவிடலாமா என்றும் யோசித்தேன். ஒருவரிடமிருந்து எடுத்ததை இன்னொருவருக்குக் கொடுத்தால் எனக்குத்தான் புண்ணியம், அவருக்கு ஒன்றும் இல்லை. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

யெட்டி வாங்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த செடானைப் போன மாதம் விற்றேன். சாஃப்ட்வேர் வெளியிடும்போது ‘தெரிந்த குறைகள்’ என்று ஒரு பக்கம் இணைப்போம். அதே மாதிரி ஒரு பக்கம் எழுதி, வாங்க வந்தவர் கையில் கொடுத்தேன். ஏ.சி. கம்ப்ரெசர் வெயிலில் சத்தம் போடும், இடது கதவு மறுபெயின்ட், மூன்றாவது கியர் குளிரில் கடிக்கும். அவர் படித்துவிட்டு நாற்பதாயிரம் குறைத்தார். பிறகு, “வேற எதுவும் இல்லையே?” என்று சந்தேகமாகப் பார்த்தார். இவ்வளவு சொல்கிறவன் இன்னும் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்று நினைத்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ரிட்ஸுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களைப் பிரித்துப் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்கவும். ஏர்பேக் ஒயரிங்கைக் கட்டாயம் சோதிக்கவும். சீட் தண்டில் துரு இருக்கும். கீழே என் போன் நம்பர், ஒரு தொகை. அந்தத் தாள் இப்போது மாமா வீட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். காந்தி ரோட்டில் சிவப்பு ரிட்ஸ் எதைப் பார்த்தாலும் நம்பரைப் படிக்கிறேன். இதுவரை நான்கு பார்த்தேன், நான்கும் வேறு. போன வாரம் மாமாவும் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். நம்பரைச் சொன்னார். அதுவும் இல்லை.